காத்திருப்பதற்குச் சம்பளம் கிடையாது



குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஐயா, குடியரசுத் துணைத் தலைவர்னு ஒருத்தர் எதுக்கு? தலைவருக்கே அதிகாரம் கம்மிங்கறாங்க. துணைக்கு என்ன வேலை இருக்கப் போகுது?" நல்ல கேள்வி. இது உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அரசியலமைப்பின் 63-ஆம் பிரிவு ஒரே வரி: இந்தியாவுக்கு ஒரு குடியரசுத் துணைத் தலைவர் இருப்பார். 64-ஆம் பிரிவு அவரை மாநிலங்களவையின் தலைவராக்குகிறது. குடியரசுத் தலைவர் பதவி காலியானாலோ, அவரால் பணி செய்ய முடியாமல் போனாலோ அந்த இடத்தில் நிற்பவர் இவர் என்கிறது 65-ஆம் பிரிவு. ஆக வேலை இரண்டு. ஒன்று அவை நடத்துவது, இன்னொன்று காத்திருப்பது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துணைத் தலைவர் என்ற பதவிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான் அவருக்கு ஊதியம். காத்திருப்பதற்கு நம் சட்டம் ஒரு பைசா தரவில்லை!

1950-இல் ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். ஆனால் துணைத் தலைவர் என்று ஒருவர் வந்தது 1952 மே மாதம்தான், முதல் பொதுத்தேர்தல் முடிந்து இரண்டு அவைகளும் அமைந்த பிறகு. முதலில் அமர்ந்தவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்றவர் என்பதில் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு பெருமை. 1952, 1957 இரண்டு முறையும் போட்டியின்றித் தேர்வானார். 1961-இல் ராஜேந்திர பிரசாத் நோயுற்றபோது சில மாதங்கள் அவர் பணியையும் சேர்த்துப் பார்த்தார். மறு ஆண்டு தாமே குடியரசுத் தலைவரானார்.

அமெரிக்காவில் அதிபர் இறந்தால் துணை அதிபர் எஞ்சிய காலம் முழுவதும் அதிபர். 1945-இல் ரூஸ்வெல்ட் மறைந்ததும் ட்ரூமன் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அப்படித்தான் ஆண்டார். நம் நாட்டில் அப்படி இல்லை. ஆறு மாதத்துக்குள் புதிய குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதுவரை நாற்காலியைக் காப்பதுதான் துணைத் தலைவர் வேலை.

அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது 1969-இல். மே 3-ஆம் தேதி ஜாகிர் உசேன் பதவியிலேயே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். சரி, அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கு அதுவரை வழியே இல்லை. அந்த மே மாதமே நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது: இரண்டு இடமும் காலியானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பொறுப்பேற்பார். இரண்டே மாதத்தில் அது தேவைப்பட்டது. ஜூலை 19-ஆம் தேதி வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட கிரி, மறுநாளே பதவி விலகிக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். தலைமை நீதிபதி இதயதுல்லா ஐந்து வாரம் நாட்டின் தலைவராக இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தபோது வரவேற்றவரும் அவர்தான். பத்தாண்டு கழித்து, 1979-இல், அதே இதயதுல்லா போட்டியின்றித் துணைத் தலைவரானார்.

அடுத்தது 1977. பக்ருதீன் அலி அகமது பிப்ரவரியில் மறைந்தார். பொறுப்பேற்றவர் பி.டி. ஜாட்டி. புதிதாக வந்த ஜனதா அரசு ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கச் சொன்னது. ஜாட்டி உடனே கையெழுத்திடத் தயங்கினார், நாடே பரபரத்தது. பிறகு ஏப்ரல் 30-இல் கையெழுத்திட்டார். தற்காலிகமாக அமர்ந்தவரின் பேனாவும் சில மணி நேரம் ஒரு நாட்டைக் காக்க வைக்கும் என்று அன்று தெரிந்தது.

ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், கிரி, நம் ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர். நாராயணன் என்று ஆறு பேர் துணையிலிருந்து தலைவரானார்கள். 1997-க்குப் பிறகு அந்த வாய்ப்பு இதுவரை யாருக்கும் அமையவில்லை. இதை வைத்து, இது அடுத்த படிக்கட்டுக்குக் காத்திருக்கும் பதவி, அந்தப் படியும் இப்போது இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சம்பளம் எதற்கு என்று பார்த்தோமே, பதவியின் கனமும் அங்கேதான். குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கு உண்டு. துணைத் தலைவர் தேர்தலில் இல்லை, இரு அவை எம்.பி.க்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். அவருடைய அன்றாட வேலை நாடாளுமன்றத்துக்குள் என்பதால்தான் அப்படி. மாநிலங்களவைக்குத் தலைவர், ஆனால் அதன் உறுப்பினர் அல்ல. வாக்கும் கிடையாது, இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் ஒரு வாக்கு. கட்சி மாறிய உறுப்பினர் பதவி இழப்பாரா என்று முதலில் தீர்மானிப்பவரும் 1985 முதல் அவரே. பதவி நீக்கத் தீர்மானத்தையும் அந்த அவையில்தான் தொடங்க வேண்டும். அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை.

வகுப்பில் பேசுபவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடரை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானோர் கை தூக்கித்தான் அவன் லீடரானான். ஆனால் தன்னைத் தேர்ந்தெடுத்தவன் பேசினாலும் அவன் பெயரையும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் மறுநாள் முதல் அவன் சொல் எடுபடாது. பெரும்பான்மைக் கட்சியின் வாக்கில் வென்று வருபவர், எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தால் பேச விட வேண்டும். அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து அல்ல. மாநிலங்களின் குரலுக்கென்று உள்ள அவை அது. அங்கே நியாயம் கிடைக்காது என்ற எண்ணம் வந்துவிட்டால் இழப்பு ஒரு கட்சிக்கு மட்டும் அல்ல.

2025 ஜூலை 21-இல், மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே, ஜகதீப் தன்கர் உடல்நிலையைக் காரணம் சொல்லி விலகினார். செப்டம்பர் 9 தேர்தலில் திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் வென்றார். நம்ம ஊர்க்காரர் என்று மகிழ்வோம், தவறில்லை. ஆனால் அவரையும் இனி வரப்போகிறவர்களையும் நான் எடை போடுவது ஒரே படிக்கல்லால்தான்: இரு பக்கத்தையும் எப்படிப் பேச விடுகிறார்?

பிள்ளைகளே, அடுத்த கூட்டத்தொடரின்போது சன்சத் டிவியில் ஒரு மணி நேரம் மாநிலங்களவையைப் பாருங்கள். பேசுபவரை மட்டும் பார்க்காமல் நாற்காலியில் இருப்பவரையும் கவனியுங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்