துவிச்சக்கரவண்டியும் காப்புறுதியும்

ஆனையிறவைக் கடந்து கண்டி வீதியால் வடக்கே செல்வோருக்கு இயக்கச்சியின் பின் பளை வந்து சேரும். இருமருங்கும் தென்னந் தோட்டங்கள். நடுவே வீதியும் அதன் அண்மையில் இருப்புப் பாதையும். 1902 ஆம் ஆண்டிலேயே புகைவண்டியைக் கண்ட ஊர் இது. 1990 இல் நின்றுபோன சேவை 2014 மார்ச் 4 ஆந் திகதி பளை வரை மீண்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்தை எட்டும் வரையில், ஏழு மாத காலம் வடபகுதிக்கெல்லாம் இறுதி நிலையமாக விளங்கிய பெருமையும் இதற்குண்டு. இத்தகைய ஊரிலும் பள்ளிப் பிள்ளையும், தோட்டத் தொழிலாளியும், சந்தைக்குத் தேங்காய் கொண்டு செல்பவரும் நாள்தோறும் நம்பியிருப்பது துவிச்சக்கரவண்டியையே ஆகும்.

அவ்வண்டியில் ஒரு காலத்தில் தவறாது காணப்பட்ட பொருளொன்று உண்டு. உள்ளூராட்சி மன்றத்துக்கு வரி செலுத்தியமைக்கு அடையாளமாகப் பெற்ற சிறு தகடு அது. அத்தகடு மன்றத்தின் பணப்பெட்டிக்கு உதவியது. ஆனால், அவ்வண்டியால் மோதுண்டு கால் முறிந்தவருக்கு அதனால் எவ்வித பயனும் விளையவில்லை. மோட்டார் வண்டி ஓட்டுவோர் மூன்றாந் தரப்புக் காப்புறுதி பெற்றே தீரவேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. துவிச்சக்கரவண்டி ஓட்டுவோரும் அவ்வாறே பெறல் வேண்டுமா என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்துள்ளது. சில நாடுகள் ஆம் என்றன. ஆம் என்ற நாடுகளுள் ஒன்று பின்னர் இல்லை என்றது. இவ்வரலாற்றை நோக்குதல் நமக்குப் பயன் தரும்.

சட்டத்தின் வேரிலிருந்து தொடங்கலாம். பிறன் ஒருவனின் கவலையீனத்தால் நட்டமுற்றவன் அவனிடம் ஈடு பெறலாம் என்னும் நெறி இந்நாட்டுக்கு ஒல்லாந்தர் வழி வந்தது. அவர்களுக்கோ உரோமரிடமிருந்து வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் உரோமர் இயற்றிய அக்குவிலியச் சட்டம், பிறனுடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவன் விலை கொடுக்க வேண்டும் என்பது பற்றியே முதலில் பேசியது. காலப் போக்கில் நீதி அறிஞர் அதனை விரித்து மனிதனுக்கு நேரும் ஊறுகளையும் அதற்குள் அடக்கினர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இச்சட்டத்தைக் கொணர்ந்தனர்; அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனை நிலைநிறுத்தினர். வடபகுதி மக்களின் சொத்துரிமையில் தேசவழமை ஆட்சி செலுத்தினும், வீதியில் மோதுண்டவன் கேட்கும் நட்டஈடு உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் பாற்பட்டதே. எனவே துவிச்சக்கரவண்டிக்காரனின் பொறுப்பு புதிதாகத் தோற்றுவிக்கப்பட வேண்டியதன்று. அது முன்னரே உளது. தீர்ப்பைப் பெற்றவன் பணத்தைப் பெறுகின்றானா என்பதுதான் சிக்கல். வெறுங்கையனுக்கெதிராகப் பெற்ற தீர்ப்பு, தாளில் எழுதிய எழுத்து மாத்திரமே.

கட்டாயக் காப்புறுதி பிறந்ததும் இவ்வனுபவத்திலிருந்துதான். மோட்டார் வண்டி பெருகிய காலத்தில், இடித்துத் தள்ளியவனிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதபடியால் எத்தனையோ குடும்பங்கள் நிர்க்கதியாயின. அமெரிக்காவில் மசசூசெற்சு மாநிலம் 1925 இல் சட்டமியற்றி 1927 இலிருந்து மோட்டார் வண்டிகளுக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. பிரித்தானியா 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் இதனைச் செய்தது. இந்தியாவின் 1939 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த இவ்வேற்பாடு 1946 யூலையிலேயே நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் இதனை விரிவாக விதித்துள்ளது. 1964 இலிருந்து சில பதிற்றாண்டுகளாகப் பொதுக் காப்புறுதித் தொழில் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் கையிலேயே இருந்தமையும், பின்னர் தனியார்க்கு வழி திறக்கப்பட்டமையும் நேயர்கள் அறிந்தவையே.

இச்சட்டங்கள் எவையும் மிதிவண்டியைத் தீண்டவில்லை. இதில் ஒரு விந்தை உண்டு. மோட்டார் வண்டிக்கு முன்னரே பிறந்தது மிதிவண்டி. 1817 இல் ஜேர்மனியில் திறேசு என்பார் காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கரப் பொறியை ஓட்டிக் காட்டினார். 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஸ்ராளி, சம அளவுச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட வண்டியை அமைத்தார். 1888 இல் டன்லொப் காற்றடைத்த இறப்பர்ச் சில்லைத் தந்தார். இவ்வளவு முந்திப் பிறந்தும், சட்டத்தின் கண்ணுக்கு அது மாட்டு வண்டியின் இனமாகவே தோன்றிற்று. பிரதேச சபைகள் வர்த்தமானியில் வெளியிட்டு வந்த வாகன மிருக வரிப் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். சொந்தப் பாவனைத் துவிச்சக்கரவண்டிக்கு 4 ரூபா. மாட்டு வண்டிக்கு 20 ரூபா. யானைக்கு 50 ரூபா. யானை வைத்திருப்போர் பளையில் எத்தனை பேர் எனக் கேட்டல் வேண்டா.

மிதிவண்டிக்காரரையும் காப்புறுதிக்குள் கொணர்ந்த நாடுகளுள் முதன்மையானது சுவிற்சலாந்து. அங்கு மிதிவண்டி ஓட்டுவோர் ஆண்டுதோறும் ஒரு தகட்டை வாங்கி வண்டியில் பொருத்த வேண்டும். 1989 முதல் தகட்டுக்குப் பதிலாக ஒட்டுத்தாள் வந்தது. நம் மன்றங்கள் வழங்கிய தகட்டுக்கும் அதற்கும் பெரு வேறுபாடு உண்டு. அதன் விலைக்குள் காப்புறுதிக் கட்டணம் அடங்கியிருந்தது. வண்டிக்காரன் பிறர்க்கு ஊறு செய்தால் அக்காப்புறுதி ஈடு கொடுத்தது. கேட்பதற்கு இனிய ஏற்பாடு. எனினும் பல பதிற்றாண்டுகள் நடந்த பின்னர், 2012 ஆம் ஆண்டுடன் அந்நாடு அதனைக் கைவிட்டது. பெரும்பாலான குடும்பங்கள் பொதுவான தனியார் பொறுப்புக் காப்புறுதியை முன்னரே பெற்றிருந்தன. அதற்கு மேலும் ஆண்டுதோறும் ஒட்டுத்தாள் அச்சிட்டு, விற்று, ஒட்டியிருக்கின்றதா என்று பொலிசார் நோக்கித் திரிவது வீண் சுமை எனக் கண்டனர். ஆனால் அவர்கள் ஓரிடத்தில் விழிப்பாயிருந்தனர். காப்புறுதி இல்லாத மிதிவண்டிக்காரனால் ஊறுபட்டவர், மோட்டார்க் காப்புறுதியுடன் இணைந்த தேசிய உத்தரவாத நிதியிலிருந்து ஈடு பெற வழி செய்த பின்னரே ஒட்டுத்தாளைக் கைவிட்டனர்.

யப்பான் இதற்கு எதிர்த் திசையில் நடந்தது. 2008 இல் கோபே நகரில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மிதிவண்டியில் விரைந்து வந்து, நடந்து சென்ற 62 வயது மாதொருவரை மோதினான். அம்மாது உணர்வு மீளாத நிலைக்கு உள்ளானார். 2013 இல் கோபே மாவட்ட நீதிமன்றம், சிறுவனின் தாய் ஏறத்தாழ ஒன்பது கோடியே ஐம்பது இலட்சம் யென் ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எந்தத் தாயால் அத்தொகையைக் கொடுக்க முடியும்? ஒரு பக்கம் அசைவற்றுக் கிடக்கும் பெண். மறுபக்கம் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் கடன் தீராத மற்றொரு பெண். இத்தீர்ப்பு நாடெங்கும் அதிர்ச்சியை விளைத்தது. கோபே நகரைத் தன்னகத்தே கொண்ட கியோகோ மாகாணம் 2015 இல் மிதிவண்டிக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. ஒசாக்காவும், 2020 இல் தோக்கியோவும் பின்பற்றின. கியோகோவில் இவ்விதியை மீறுவோர்க்குத் தண்டனை வைக்கவில்லை என்பது கருதத்தக்கது. பள்ளிப் பிள்ளையைச் சிறையிலிடுதல் எவர்க்கும் நோக்கமன்று.

இனி, ஒல்லாந்து. நமக்குச் சட்டம் தந்த அந்நாடு மிதிவண்டிக்கும் பெயர் பெற்றது. 1924 முதல் 1941 வரை அங்கு மிதிவண்டி வரி இருந்தது. வரி செலுத்தியவர் செப்புத் தகட்டை வண்டியில் மாட்டினர். வேலையற்றோருக்குத் தகடு இலவசம். ஆயினும் அவ்விலவசத் தகட்டின் நடுவே ஒரு துளை இட்டிருந்தனர். தெருவில் செல்வோர் எவரும் அத்துளையைக் கண்டு, இவன் வறியவன் என்று அறிந்துகொள்ளலாம். ஏழையின் வாகனத்தில் அரசாங்கம் கை வைக்குமிடத்து எத்தகைய அவமானங்கள் விளையக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. பிற்காலத்தில் அந்நாடு வேறொரு வழியில் சென்றது. 1994 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185 ஆம் பிரிவின்படி, மோட்டார் வண்டியும் மிதிவண்டியும் மோதுமாயின் பொறுப்பு பெரும்பாலும் மோட்டார் வண்டியின் மேலேயே விழும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை மோதுண்டால், பிள்ளை தவறிழைத்திருப்பினும் முழு நட்டமும் மோட்டார்க்காரரைச் சேரும் என அந்நாட்டு உயர்மன்றத் தீர்ப்புகள் வகுத்துள்ளன. எவ்வாகனம் பெருந்தீங்கு செய்ய வல்லதோ அதுவே பெருஞ்சுமையைத் தாங்கட்டும் என்பது கருத்து.

இவற்றை மனத்திற்கொண்டு பளைக்குத் திரும்பலாம்.

1990 இல் வடபகுதிக்கு எரிபொருள் தடைப்பட்ட பின்னர், மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. பல கொட்டில்களில் உறங்கின. சைக்கிளே நோயாளர் வண்டியும் பார வண்டியுமாயிற்று. விறகு, நெல், கர்ப்பிணிப் பெண், முதிய தந்தை யாவும் கரியரில் ஏறின. மின்சாரமும் மின்கலமும் அற்ற இரவுகளில் வண்டியை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவின் வலுவால் வானொலி கேட்ட வீடுகள் எண்ணற்றவை. வானொலி நேயர் என்னும் பெயருக்கு அவர்களினும் உரியார் எவருமிலர். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டமையால், பளைக்கு மேற்கே கிளாலிக் கரையில் வண்டிகளையும் வள்ளங்களில் ஏற்றி, இருளில் கடல் நீரேரியைக் கடந்து, பூநகரிப் பக்கத்துக் கரையில் இறங்கி மீண்டும் மிதித்தனர். அப்பயணத்தில் உயிரிழந்தோரும் பலர். அந்நாளில் ஒருவரிடம் சென்று மூன்றாந் தரப்புக் காப்புறுதி உண்டா என வினவியிருந்தால், அவர் சிரித்திருப்பாரோ அழுதிருப்பாரோ, சொல்ல இயலாது.

போர் முடிந்தபின் 2009 முதல் கண்டி வீதி படிப்படியாக மீளத் திறக்கப்பட்டது. பின்னர் காப்பற் வீதியாயிற்று. சொகுசுப் பேருந்துகளும் பார ஊர்திகளும் இரவு பகலாக விரைகின்றன. குழிகள் நிறைந்த பழைய வீதியில் எல்லா வாகனங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஊர்ந்தன. செம்மையான வீதியிலோ வேகங்கள் பிரிந்துவிட்டன. மிதிப்பவன் மட்டும் பழைய வேகத்திலேயே செல்கிறான். ஆதலால் இவ்வீதியில் துவிச்சக்கரவண்டிக்காரன் பெரும்பாலும் மோதுபவன் அல்லன், மோதப்படுபவன். அவன் காப்புறுதி பெற வேண்டும் என்னும் வாதம், காயம்பட்டவனிடமே கட்டணம் கேட்பது போல இவ்விடத்தில் ஒலிக்கின்றது.

எனினும் வாதத்தின் மறுபக்கத்தைத் தள்ளிவிட இயலாது. ஒழுங்கையிலிருந்து விளக்கின்றி விரைந்து வரும் இளைஞன், அந்திப் பொழுதில் தண்ணீர்க் குடத்துடன் வரும் மூதாட்டியை வீழ்த்துதல் எவ்வூரிலும் நிகழக்கூடியதே. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் அம்மூதாட்டி கூலிக்குத் தேங்காய் உரிப்பவராயின், இடுப்பெலும்பு பொருந்தும் வரை அவர் அடுப்பு எவ்வாறு எரியும்? இளைஞனின் தந்தை நல்லவராயின் அரிசியும் சிறிது பணமும் கொண்டுவந்து கொடுப்பார். ஊர்ப் பெரியவர் முன்னிலையில் விவகாரம் தீரும். நல்லவரல்லர் எனினும் வறியவர் எனினும் தீராது. கோபே நீதிமன்றம் கண்ட துயரம் தொகையில் சிறிதாக நம் ஒழுங்கைகளிலும் உண்டு. மிதிவண்டி எவரையும் கொல்லாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுதல் நேர்மையாகாது.

ஆகவே ஒவ்வொரு மிதிவண்டிக்காரனையும் காப்புறுதி நிலையத்தின் வாசலுக்கு அனுப்புதல் நம் நாட்டுக்குப் பொருந்தாது. ஊறுபட்டவரைக் கைவிடுதலும் பொருந்தாது. நான்கு ரூபா வரியை அறவிடுவதற்கே அதனினும் மிகுந்த செலவாகும் நாட்டில், காப்புறுதிப் பத்திரம் எழுதும் செலவு காப்புறுதியையே விழுங்கிவிடும். காப்புறுதி இல்லாதவனைப் பிடித்துத் தண்டம் விதித்தால், அத்தண்டம் வண்டியின் விலைக்கே ஈடாகிவிடலாம். அவ்வண்டி பள்ளிக்குச் செல்லும் பிள்ளையுடையதாகவும் இருக்கலாம். துளையிட்ட தகடு இங்கும் வேறு உருவில் வந்து சேரும்.

சுவிற்சலாந்து இறுதியிற் கண்ட வழியே நமக்கு அணித்தாக உள்ளது. மோட்டார்க் காப்புறுதிக் கட்டணங்களிலிருந்து சிறு பகுதியைப் பிரித்து ஒரு நிதி அமைத்து, காப்புறுதியற்ற மிதிவண்டியால் ஊறுபட்டவர்க்கு, வேலை இழந்த நாட்களுக்கேனும் அதிலிருந்து ஈடு வழங்கலாம். பெருவாகனம் சிறுவாகனத்தின் பிழைக்கு ஏன் செலுத்த வேண்டும் எனச் சிலர் வினவுவர். அவ்வீதியின் பெரும் பகுதியையும் பெரும் அபாயத்தையும் பெருவாகனமே உரிமையாக்கிக்கொண்டது என்பதே அதற்கு விடை. பொருட்களை ஏற்றி நாள் முழுவதும் வாணிகம் செய்யும் வண்டிகளுக்குப் பிரதேச சபை வரிப் பட்டியலே தனி வகுப்பு வகுத்துள்ளது. அவ்வகுப்பினர்க்கு மட்டும், விரும்பின், சபையூடாகக் கூட்டுக் காப்புறுதி ஒன்றைச் செய்துகொடுத்தலும் இயலும்.

இவற்றுக்குச் சட்டத்திருத்தம் வேண்டும். அது காலம் எடுக்கும். விளக்கும் தடுப்பும் செம்மையாக உள்ள வண்டிக்குச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. பாடசாலை தொடங்கும் மாதத்தில் பிள்ளைகளின் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து, பின் விளக்கில்லாதவற்றுக்குச் செந்நிற ஒளிதெறிப்பான் ஒன்றையேனும் பொருத்தி அனுப்புதல் பளையைப் போன்ற ஊர்களில் ஓரிரு நாட்களில் முடியும் வேலை.