மறுகாலும் மறுமுயற்சியும்

பொட்டி தட்டுற மக்களுக்கு வெப்ஹூக் தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காக: ஒரு மென்பொருள்ல ஏதாவது நடந்தா, அதுவே இன்னொரு மென்பொருளோட கதவைத் தட்டி "இப்படி ஆயிருச்சு"ன்னு சொல்லும். பதில் வரலைன்னா மறுபடி தட்டும். எவ்வளவு வேகமா, எத்தனை தடவை தட்டலாம்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்குங்க.

எங்க பக்கத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் வானம் பார்த்த பூமி. மழை வந்தா மொத்தமா வரும், இல்லைன்னா இல்லை. அதனால கண்மாய்களைச் சங்கிலி மாதிரி அமைச்சாங்க. வயலுக்குத் தண்ணி மடை வழியா அளவாத்தான் போகும். கண்மாய் நிறைஞ்சா கலுங்குல மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போயிரும். திருச்சுழிங்கிற பேருக்கே தலபுராணம் சொல்ற காரணம், பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழியாக்கிப் பூமிக்குள்ள இறக்கினார்ங்கிறதுதான்.

1986ல ஜொனாதன் டர்னர் 'ஓட்டை வாளி'ன்னு ஒரு முறையைச் சொன்னார். மேல எவ்வளவு ஊத்தினாலும் அடியில அளவாத்தான் ஒழுகும், நிரம்பினா வழியும். நம்ம மடையும் கலுங்கும் மாதிரியேதான். ஆனா வாளியில வழிஞ்சது வீண், கண்மாய்ல வழிஞ்சது அடுத்த ஊருக்கு :-)

அதே வருஷம் அக்டோபர்ல அமெரிக்காவுல இணையமே திணறுச்சு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துல இருக்கிற பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல வெறும் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட் போன வழியில 40 பிட்தான் போச்சு. வழியில தேங்கி நின்ன பொட்டலத்தையே தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சு கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பினதுல நெரிசல் இன்னும் முத்திருச்சு. 1988ல வான் ஜேக்கப்சன் தன் கட்டுரையில வழி சொன்னார்: மெதுவா ஆரம்பி, ஒவ்வொரு தடவை தோத்ததும் காத்திருக்கிற நேரத்தை இரட்டிப்பாக்கு. 2012ல வலைக்கும் 429ன்னு ஒரு பதில் எண் வந்துச்சு. "ரொம்பக் கேக்குறே, அப்புறம் வா"ன்னு அர்த்தம்.

இதெல்லாம் தெரிஞ்சும் 2025 ஏப்ரல் 12 அன்னிக்கு யூபிஐ பல மணி நேரம் தடுமாறுச்சு. இது வெப்ஹூக்குக்கு எதிர்ப்பக்கம். சில வங்கிகள் "அந்தப் பணம் என்னாச்சு?"ன்னு விடாம விசாரிச்சதுதான் காரணம்னு தெரியவந்துச்சு. 2025 ஆகஸ்ட் 1ல இருந்து ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூணு தடவைதான் கேக்கலாம், நடுவுல 90 நொடி இடைவெளி விடணும்னு விதி வந்துச்சு. ஒரு செயலியில இருப்பு பாக்குறதுக்கு நாளைக்கு 50 தடவைதான்.

டீக்கடையில காசு போச்சா இல்லையான்னு தெரியாம நிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மறுபடி அனுப்பினா ரெண்டு தடவை போயிருமோன்னு பயம். அதனாலதான் மறுமுயற்சியில அதே அடையாள எண்ணையே அனுப்பணும். வாங்குறவங்க ரெண்டாவதை ஒதுக்கிருவாங்க. எல்லாரும் ஒரே நொடியில திரும்ப வராம இருக்க இடைவெளியைக் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்தணும். சில தடவைக்கு மேல போகலைன்னா தனியா எடுத்து வெச்சு, மனுஷன் பாக்கணும்.

மழையை நிறுத்துறது நம்ம கையில இல்லை. ஆனா மறுமுயற்சி வெள்ளம் நாமளே எழுதுற ரெண்டு வரி நிரல்ல இருந்து வருது. அதை எழுதும்போது கீழ்க் கண்மாய்க்காரனையும் நினைச்சுக்குங்க.

பி.கு: கலுங்குக்கு உங்க ஊர்ல என்ன பேர்? சொல்லிட்டுப் போங்க.