கணிப்பொறிக்குக் கோட்டோவியம் புரியுமா?

நாலைந்து கோடுகளால் ஒரு பூனையை வரைந்து சிறு குழந்தையிடம் காட்டுங்கள். உடனே "பூனை" என்று சொல்லிவிடும். தாளில் மயிரும் இல்லை, நிறமும் இல்லை. கோடுகள் மட்டுமே உள்ளன. படங்களைப் பார்த்துப் பழகியதால் வந்த ஆற்றலா இது?

1962ஆம் ஆண்டில் ஹாக்பெர்க், புரூக்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இதற்கு விடை தேடினர். ஒரு குழந்தைக்கு 19 மாதம் வரை பொருள்களைக் காட்டியே பெயர்களைக் கற்பித்தனர். படங்களைக் காட்டிக் கற்பிக்கவில்லை. பின்னர் கோட்டோவியங்களைக் காட்டியபோது, குழந்தை பெரும்பாலானவற்றைச் சரியாக இனங்கண்டது!

பொறி கற்ற பாடம்

அக்காலத்திலேயே பொறிக்குப் பார்வை தரும் முயற்சியும் தொடங்கியிருந்தது. 1958இல் ரோசன்பிளாட் 'பெர்செப்ட்ரான்' என்னும் செயற்கை நரம்பு வலையை விளக்கினார். 1980இல் ஜப்பானியரான ஃபுகுஷிமா பல அடுக்கு வலை ஒன்றை அமைத்தார். 1989இல் லெகுன் குழுவினரின் வலை, கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படித்தது. 2012இல் டொராண்டோவில் உருவான 'அலெக்ஸ்நெட்' சுமார் 12 லட்சம் ஒளிப்படங்களைக் கண்டு, 1000 வகைப் பொருள்களைப் பிரித்தறியக் கற்றது.

ஒளிப்படம் பயின்ற வலைக்குக் கோட்டோவியம் புரியுமா? 2019இல் அதே 1000 வகைகளுக்கும் சுமார் 50,000 கோட்டோவியங்களைத் திரட்டிச் சோதித்தனர். அலெக்ஸ்நெட் 100க்கு ஏறத்தாழ 12 படங்களையே சரியாகச் சொன்னது.

காரணம் என்ன? ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள், பூனையின் வடிவத்தில் யானைத்தோலைப் பொருத்திப் படம் செய்தனர். மனிதர் பூனை என்றனர். வலை யானை என்றது. வடிவத்தைவிட மேற்பரப்பையே அது பெரிதும் நம்பியிருந்தது.

ஒரே மதிப்பெண், இரு கல்வி

2021இல் வெளியான ஓர் ஒப்பீடு சிந்தனைக்குரியது. ஒளிப்படத் தேர்வில் பழைய முறையில் பயின்ற வலையும், 'கிளிப்' என்னும் புதிய வலையும் 100க்கு 76.2 என ஒரே மதிப்பெண் பெற்றன. கோட்டோவியத் தேர்விலோ பழையது 25.2, புதியது 60.2! கிளிப், இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் படங்களை அவற்றின் விளக்கச் சொற்களோடு கற்றது. ஆனால் அத்திரளில் கோட்டோவியங்களும் உண்டு. எனவே அந்த 19 மாதக் குழந்தைக்கு அது இன்னும் ஈடாகவில்லை.

சாய்தளக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவர், படத்தை இடவலம் மாற்றி வரைந்தால் திகைப்பதை என் வகுப்பில் கண்டிருக்கிறேன். பழகிய வினாவுக்கு விடை சொல்வது வேறு, புரிந்துகொள்வது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது பழகாத வினாவே. இது பொறிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.