விற்பனைப் பொறியும் பண அட்டையும்

நம் நாட்டுப் புகைவண்டி நிலைய மேடைகளில் பல்லாண்டுகள் நின்ற எடைப் பொறியை அறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. பலகையின் மீது ஏறி நின்று காசொன்றை இட்டால், வண்ண விளக்குகள் சுழல, எடையும் ஒரு வரி ஆரூடமும் அச்சிட்ட சிறு அட்டை வந்து விழும். பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சென்ற நம்மவர்க்கு அது ஒரு வகையில் இணக்கமான பொறி. அது நம் ஊரைக் கேட்கவில்லை, மொழியைக் கேட்கவில்லை, காசு ஒன்றையே கேட்டது. இன்றைய பொறிகள் பலவும் காசுக்கு மாறாக அட்டையைக் கேட்கின்றன. இம்மாறுதல் எவ்வாறு வந்தது, இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை இவ்வுரையில் காண்போம்.

காசு பெற்றுப் பொருள் வழங்கும் பொறி மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஈரோன் என்னும் அறிஞர், கோயிலில் புனித நீர் வழங்கும் பொறியொன்றைத் தம் நூலில் விவரித்துள்ளார். ஐந்து திராக்மா நாணயத்தை இட்டால், அது நெம்புகோலின் ஒரு முனையிலுள்ள தட்டில் விழும், தட்டுத் தாழும், மறுமுனை எழுந்து அடைப்பைத் திறக்கும், நீர் வழியும். நாணயம் தட்டிலிருந்து சரிந்து வீழ்ந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அப்பொறிக்கு எடை ஒன்றே சான்று. அதே எடையுள்ள வெறும் உலோகத் துண்டை இட்டாலும் அது நீர் தந்திருக்கும். பொறியை நம்பி வணிகம் செய்வோரை ஈராயிரம் ஆண்டுகளாக வாட்டிவரும் வினா இங்கேயே தோன்றிவிட்டது. கொடுக்கப்பட்டது மெய்யான பணந்தானா என்பதைப் பொறி எங்ஙனம் அறியும்?

காசுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது தன்னைக் கொடுத்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை. 1822ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் புத்தக வணிகர் ரிச்சர்டு கார்லைல் இத்தன்மையைப் பயன்படுத்த முற்பட்டார். அரசு விலக்கிய நூல்களை விற்றமைக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர் அவர். வாங்குவோர் முள்ளைத் திருப்பி வேண்டிய நூலைக் குறித்துக் காசை இட்டால், விற்பவர் முகம் தெரியாமலே நூல் வந்துசேரும் வண்ணம் தம் கடையில் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். முகமறியா விற்பனைக்கு எவரைக் குற்றவாளியாக்க இயலும் என்பது அவர் கருத்து. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அவருடைய பணியாளர் ஒருவர் தண்டிக்கப்பட்டார்.

வணிகப் பெருக்கத்திற்குரிய பொறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. 1883இல் பெர்சிவல் எவரிட் என்பார் இலண்டனில் அஞ்சலட்டை விற்கும் பொறியை அமைத்தார். 1888இல் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனத்தார் நியூயார்க் நகரத்து மேம்பால ரயில் மேடைகளில் சூயிங்கம் விற்கும் பொறிகளை நிறுவினர். காத்திருப்போர் கையிலுள்ள சில்லறையை நாடியே இப்பொறிகள் ரயில் மேடைக்கு வந்தன. உடன் வந்தன போலிக் காசுகளும். ஆதலின் விட்டம், தடிமன், எடை ஆகியவற்றை அளந்தும், உலோகத்தைக் காந்தத்தால் ஆராய்ந்தும் காசைத் தேரும் உறுப்புகள் பொறியினுள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

எனினும் காசு மாறினால் பொறியும் மாற வேண்டும். நம் நாட்டில் 1957 ஏப்ரல் முதல் நாள் அணாவின் இடத்தில் பதின்முறை நாணயம் வந்தது. 1992இல் வெளிவந்த எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். 2011ஆம் ஆண்டு வரிசையில் அதே ஒரு ரூபாய் சுமார் 22 மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. ஒரே மதிப்புடைய நாணயம் பல அளவுகளில் புழங்கும் நாட்டில், காசைத் தேரும் பொறியைப் பேணுதல் எளிதன்று.

அட்டையின் இயல்பு வேறு. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில் தன் கடன் அட்டையை வழங்கத் தொடங்கிற்று. அட்டைக்கு எடையால் மதிப்பில்லை. அது ஒரு கணக்கைச் சுட்டும் குறிப்பே. எனவே பொறி தானே தேர்ந்து முடிவு செய்ய இயலாது. தொலைவிலுள்ள வங்கியைக் கேட்டறிய வேண்டும். அதற்குத் தொலைத்தொடர்பு வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டணமும் உண்டு. சிறு விலைப் பொருளுக்கு இச்செலவு கட்டுபடியாகாமையால், பெருங்கடைகளில் அட்டை பரவிய பின்னும் பொறிகள் நெடுங்காலம் காசையே நம்பின. கம்பியில்லாத் தொடர்பு மலிவான பின்னரே நிலை மாறிற்று. இன்று அட்டையைக் காட்டியதும், பொறி வங்கியின் இசைவைப் பெற்றுத் தொகையை நிறுத்திவைக்கச் செய்கிறது. பொருள் விழுந்த பின் அதனை உறுதிப்படுத்துகிறது. விழாவிடின் தொகை விடுவிக்கப்படும்.

வங்கியைக் கேளாமலே இயங்கும் வழியொன்றும் உண்டு. பணத்தை முன்னதாகவே அட்டையில் ஏற்றிவிடுவது அவ்வழி. பிரெஞ்சு நாட்டு ரோலான் மொரேனோ 1974இல் உரிமம் பெற்ற சில்லு அட்டை, பின்னர் அந்நாட்டுத் தொலைபேசிக் கூடங்களில் காசின் இடத்தைப் பிடித்தது. மும்பைப் புறநகர் ரயில் நிலையங்களில் 2007இல் வந்த தானியங்கிப் பயணச்சீட்டுப் பொறியும் இவ்வழியையே பின்பற்றிற்று. முன்பணம் ஏற்றிய அட்டையைப் பொறிமேல் வைத்து, திரையில் ஊரைத் தொட்டால், சீட்டு அச்சாகி வரும். மாதுங்காவிலும் செம்பூரிலும் நீண்ட வரிசையில் நின்று களைத்த நம்மவர்க்கு இஃது எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் அட்டை வாங்கவும், அதில் பணம் ஏற்றவும் மீண்டும் சீட்டுச் சாளரத்திற்கே செல்ல வேண்டியிருந்தது. நேற்று வந்திறங்கிய தொழிலாளியிடம் அட்டை ஏது? திரையில் ஆங்கிலமும் இந்தியும் அவ்வட்டார மொழியுமே தோன்றின. அவற்றைப் படிக்க இயலாதார் என் செய்வர்? இதற்கு ரயில்வே கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. ஓய்வு பெற்ற ஊழியர்கள் முதலானோரைத் தரகின் அடிப்படையில் பொறியின் அருகே நிறுத்திற்று. அவர்கள் பயணியிடம் ரொக்கம் பெற்றுத் தம் அட்டையால் சீட்டெடுத்துத் தருகின்றனர். ஆளின்றி விற்கவே பிறந்த பொறிக்கு அருகில் ஆள் மீண்டும் வந்து நின்றார்!

2016 நவம்பர் 8ஆம் நாள் பெரிய நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்ட பின், ரொக்கமில்லாக் கொடுப்பு விரைந்து பரவிற்று. 2019 மார்ச்சில் பல ஊர்தி அமைப்புகளுக்கும் பொதுவான தேசியப் பயண அட்டை தொடங்கப்பெற்றது. பொறிகள் இப்போது கைப்பேசிக் குறிகளையும் ஏற்கின்றன. சில்லறைத் தொல்லை குறைந்தது, திருட்டும் குறைந்தது, தவறிய பணத்திற்குக் கணக்கில் சான்று இருக்கிறது. இவை பெரும் நன்மைகளே.

மறுபுறம், வாங்கியவர் யார், எந்நேரம், எவ்விடம் என்பதெல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. கணக்கில்லாதவர் பொறியின் முன் வெறுங்கையராகிறார். இதனை உணர்ந்தே கடைகள் ரொக்கத்தை மறுத்தலாகாது என்று பிலடெல்பியா நகரமும் நியூ ஜெர்சி மாநிலமும் 2019இலும், நியூயார்க் நகரம் 2020இலும் சட்டம் இயற்றின. அவை கடைகளைப் பற்றியவையே எனினும், அவற்றின் நியாயம் பொறிக்கும் பொருந்தும். இனிப்பு விற்கும் பொறி அட்டையை மட்டும் கேட்பின் இழப்பு சிறிது. ரயில் சீட்டும் குடிநீரும் வழங்கும் பொறியோ, அட்டைக்கு ஒரு வாயிலும் காசுக்கு ஒரு வாயிலும் உடையதாய் இருத்தல் வேண்டும். அஃதியலாத இடத்தில், அருகில் நிற்கும் அம்மனிதரையேனும் நாம் அகற்றாதிருப்போமாக.