வேர் விட்ட கிளையின் கதை

மதுரைச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் முன்னாளில் முருங்கைக்கு யாரும் விதை தேடி அலைந்ததில்லை. நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து ஒரு போத்தை வெட்டி ஊன்றுவார்கள். தாய் மரத்தின் காய்ச் சுவை பிள்ளை மரத்திலும் அப்படியே இருக்கும். வேலியோரத்துப் பூவரசும் இவ்வாறே நடப்பட்டது.

ஆனால் சிவகங்கைப் பக்கம் செல்வோர் காணும் தைல மரம் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. வளர்ந்த மரத்தின் கிளையை நட்டால் அது காய்ந்து விறகாகும். ஆகவே நெடுங்காலம் விதையே கதியாக இருந்தது. தைல மரத்தில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி. ஆதலால் ஒரே மரத்து விதையிலிருந்தும் நெட்டையும் குட்டையும் கலந்தே முளைக்கும். மானாவாரி நிலத்தில் நட்டு நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கும் உழவருக்குத் தோப்பில் பாதி நோஞ்சானாக நின்றால் என்ன மிஞ்சும்?

கிளை வேர் விடுவது எதனால்? 1928இல் ஹாலந்து நாட்டு வென்ட் என்பவர், ஓட்ஸ் முளையின் நுனியில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று உண்டு என்று காட்டினார். அதுவே ஆக்சின். அது தண்டின் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும். வெட்டுவாயில் சேர்ந்து வேரைத் தூண்டும். போத்தைத் தலைகீழாக நடக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? 1935இல் அமெரிக்காவில் சிம்மர்மன், வில்காக்சன் ஆகியோர், இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் இவ்வேலையைச் செய்யும் என்று கண்டனர். இன்றும் நாற்றுப் பண்ணைகளில் துண்டின் அடியைத் தோய்த்தெடுக்கும் மருந்து இதுவே.

மருந்து மட்டும் போதவில்லை. தைல மரம் முதிர முதிர அதன் கிளை வேர் விடும் ஆற்றலை இழக்கிறது. இதற்கு ஓர் உபாயம் உண்டு. மரத்தை அடியோடு வெட்டினால் அடிக்கட்டையில் இளந்துளிர்கள் தழைக்கும். அவை இளமைக் குணம் உடையவை. அவற்றின் துண்டுகள் வேர் பிடிக்கும். வேரில்லாத துண்டின் இலையோ நீரை ஆவியாக இழந்தவண்ணம் இருக்கும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறையும். ஆகவே நுண்ணிய நீர்த்துளிகளைத் தூவும் கூடத்தில் துண்டுகளை வைக்கிறார்கள். ஈரத்துணி மழைக்காலத்தில் காயாததும் இதே காரணத்தால்தான்.

பிரேசிலில் நோயால் தோப்புகள் நலிந்தபோது, அரக்ரூஸ் நிறுவனத்தார் நோய் தாக்காத மரங்களைத் தேர்ந்து இம்முறையில் பெருக்கினர். அவர்களுக்கு 1984இல் சுவீடனின் வாலன்பர்க் பரிசு கிடைத்தது. நம் நாட்டில், இன்று தெலங்கானாவிலுள்ள பத்ராசலம் காகித ஆலையார் 1989இல் இப்பணியைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் கரூரை அடுத்த காகித ஆலையும், கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனமும் தைல மரம், சவுக்கு ஆகியவற்றின் குளோன்களை உருவாக்கின.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரே மரத்துத் துண்டுகள் யாவும் வலிமையில் மட்டுமன்றி, வலுவின்மையிலும் ஒன்றே. 2001இல் கொசுவினும் சிறிய குளவி ஒன்று இந்தியாவில் காணப்பட்டது. அது தைல மரத்தின் இலை நரம்பிலும் காம்பிலும் முட்டையிட்டு முடிச்சுகளை உண்டாக்கியது. சில குளோன்கள் தாங்கி நின்றன. சில தோப்போடு வாடின.

ஆகவே உங்கள் வீட்டார் நாற்று வாங்கச் செல்லும்போது விலையை மட்டும் கேட்க வேண்டாம். "எத்தனை வகைக் குளோன்கள் இருக்கின்றன?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரே வகையால் நிலத்தை நிரப்பாமல் பல வகைகளைப் பாத்தி பாத்தியாக நட்டால், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று உழவரைக் காக்கும்.