கொற்கைக் கடலும் வானத்து வெப்பமானியும்

கொற்கை இன்று ஒரு சிற்றூர். தாமிரவருணி பாயும் நாட்டில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களின் நடுவே இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரோ அது பாண்டியரின் துறைமுகம். முத்துக்குப் பேர்போன பட்டினம். முதல் நூற்றாண்டில் எழுந்த கிரேக்கக் கடற்பயண நூலும் இதனைக் குறிப்பிடுகிறது. ஆறு கொணர்ந்த வண்டல் மெல்ல மெல்லக் கடலை விலக்கிற்று, துறை தூர்ந்தது, வாணிகம் வேறிடம் சென்றது. அம்மாற்றத்தை அளந்து எழுதிய கணக்கு ஒன்றும் நம் கைக்கு வரவில்லை.

இன்று அதே கடலில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. நீர் சூடேறி வருகிறது. ஆனால் இம்முறை அளப்பவர் உண்டு. அந்த அளவையின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, வாளியில் நீர் மொண்டு, அதில் வெப்பமானியை அமிழ்த்திக் காட்டுவதுண்டு. ஒருமுறை பரதவர் வீட்டுப் பையன் ஒருவன், "ஐயா, இது கரைத் தண்ணீர். பார் கிடக்கும் இடத்துச் சூட்டை எப்படி அளப்பது?" என்று கேட்டான். முத்துச்சிப்பி வாழும் கடலடித் தளத்தையே இக்கரையில் பார் என்பர். அன்று என்னிடம் நல்ல விடை இல்லை.

தொடாமலே சூட்டை அறியும் வழி முன்பே தெரிந்திருந்தது. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு சிவப்பு மாறிக் கறுத்த பின்னும், அதனருகே கையை நீட்டினால் சூடு உறைக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அதினின்று வருகிறது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் ஞாயிற்றொளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறம் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். எல்லாப் பொருளும் இக்கதிரை வீசுகின்றன. சூடு மிகுந்தால் வீச்சும் மிகும். கடலும் இதற்கு விலக்கன்று.

அக்கருவி விண்ணேறிய கதை 1959இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அமெரிக்கர் ஏவிய எக்ஸ்புளோரர்-7 என்னும் செயற்கைக்கோளில் வெர்னர் சுவோமி அமைத்த கருவி, பூமி பெறும் வெப்பத்தையும் திருப்பி விடும் வெப்பத்தையும் கணக்கெடுத்தது. 1960இல் டைரோஸ்-2 அகச்சிவப்புக் கருவியோடு சென்றது. உலகக் கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலைக்கு 1981 முதல் செயற்கைக்கோள் பதிவுகள் தொடர்ந்து கிடைக்கின்றன. நம் நாட்டின் இன்சாட்-1பி 1983இல் அத்தகைய கருவியை ஏந்திச் சென்றது. 2013இல் இன்சாட்-3டி, 2024இல் இன்சாட்-3டிஎஸ் ஆகியவை சென்றன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இவை நம் கடலை நோக்குமாறு அமைந்தவை. காற்றிலுள்ள நீராவி கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஆதலின் இரண்டு அலைநீளங்களில் அளந்து, அவற்றின் வேறுபாட்டைக் கொண்டு பிழையைத் திருத்துகின்றனர்.

இதனால் நமக்கு என்ன பயன்? தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் தீவுகள் வரிசையாக உள்ளன. 1986இல் இப்பகுதி தேசியக் கடற்பூங்கா ஆயிற்று. அத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் மீனுக்கு வீடு. கரைக்கு அலைதடுக்கும் அரண். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை வெப்பம் மிகுந்து சில வாரம் நீடித்தாலே போதும். பவள உயிர் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். சூடு தணியாவிடில் மாண்டும் போகும். 1998இலும் 2010இலும் 2016இலும் இவ்வெளுப்பு இங்கே கண்டது. சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டிய காலமும் உண்டு. தூத்துக்குடியை அடுத்த விலாங்குச்சல்லித் தீவு நீரில் மறைந்தே போயிற்று.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் தரும் வெப்பநிலையைக் கொண்டு பவள வெளுப்புக்கு முன்னெச்சரிக்கை விடுக்கிறது. எச்சரிக்கை கடலைக் குளிர்விக்காது என்பது மெய். ஆனால் எப்பாறையை உடனே சென்று காணவேண்டும், எங்கே நங்கூரமும் வலையும் படாமல் காக்கவேண்டும் என்பதை அது உணர்த்தும்.

அக்கருவிக்கும் எல்லை உண்டு. முகில் மூடினால் அது கடலைக் காணாது. காணும்போதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மேற்றோலின் சூட்டையே அறியும். மிதவைகளும் கப்பல்களும் நீரைத் தொட்டு அளந்து அதனைச் சரிபார்க்கவேண்டும். மூழ்குவோர் அடியில் சென்று பாறையைப் பார்க்கவேண்டும். அந்தப் பையன் கேட்ட பாரின் சூட்டை அறிய இன்றும் மனிதர் நீரில் இறங்கியே ஆகவேண்டும். வானத்துக் கருவியும் கடலடிக் கையும் சேர்ந்ததே அவனுக்குரிய விடை.

கடல் விலகிய நாளில் கொற்கையின் முன்னோரிடம் இத்தகைய கணக்கு இருந்திருக்குமாயின் என் செய்திருப்பாரோ, அறியோம். நம்மிடம் கணக்கு இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் விடும் புகையே இவ்வெப்பத்துக்குப் பெருங்காரணம் என்பதும் தெரிந்திருக்கிறது. தெரியாமற்போயிற்று என்று நம் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.