நிலாவரை கூறும் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. அங்கே பெய்யும் மழை எங்கே செல்கின்றது? புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு அதற்கு விடை கூறும்.

இராமபிரானின் அம்பு பாய்ந்து பிறந்த ஊற்று இது என்பது ஐதிகம். நிலநூலார் கூறும் வரலாறோ, ஏறக்குறைய 230 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசீன் காலத்துக் கடலடியிலே ஆரம்பிக்கின்றது. கடலுயிர்களின் ஓடுகள் அங்கே படிந்து சுண்ணாம்புக்கல்லாயின. அக்கல் பின்னர் கடலுக்கு மேலே வந்து நிலமாயிற்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகிக் கல்லின் வெடிப்புக்களிலே புகுந்து, சிறுகச் சிறுக அதனைக் கரைத்தது. வெடிப்பு வழியாயிற்று, வழி குகையாயிற்று. நீர் தாழுங்கால் கூரைக்குத் தாங்கல் குறையும். கூரை மெலிந்த இடத்திலே அது இடிந்து வீழும். அவ்வாறு திறந்த வாயே நிலாவரை.

அதன் மேற்பகுதியிலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். குடாநாட்டின் அடியிலும் கடல்நீரின்மீது நன்னீர் மிதந்தே நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர் மேலெழும். ஒருவர் நிலத்திலே ஊற்றும் கழிவோ, மண்ணால் நன்கு வடிக்கப்படாமலே, இக்கல்வழிகளாலே அயலார் கிணற்றைச் சேரும். மழை பன்னெடுங்காலம் குடைந்து வைத்த இப்பாதைகள் வேலி அறியா என்பதை நாம் மறத்தலாகாது.